பனையோலையில் தலைகீழாகச் சிறகடித்த மஞ்சள் குருவி

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நிற்கும் பனையின் ஓலை நுனியில் மஞ்சள் தலைக் குருவியொன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சிறகை அடித்து அடித்துக் கத்தியதாம். தங்கூசி வலைத் துண்டில் மாட்டிவிட்டது என்று ஏழு வயது மகன் அழுதிருக்கிறான். தகப்பன் ஏணி கொண்டுபோய்ச் சாத்தியதும் குருவி பறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் அதே மாதிரித் தொங்கியது. பறவைகள் ஏன் இப்படித் தொங்குகின்றன, தலைக்கு இரத்தம் ஏறாதா, வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டே தூங்கவும் செய்யுமா என்பவை அவருடைய கேள்விகள். மகனுடைய கேள்வி ஒன்றுதான்: "அது விழாதா?"

மகன் கேட்டதுதான் நல்ல கேள்வி. அதற்கு மறுமொழியைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குருவி யாரென்று பார்ப்போம்.

அது ஆண் தூக்கணாங்குருவி. எதிலும் மாட்டவில்லை. வீடு காட்டிக்கொண்டிருந்தது.

நான் விவசாயப் போதனாசிரியராக வன்னி வயல்களில் முப்பது வருடம் சைக்கிள் ஓட்டியவன். காலபோக நெல் பச்சை பிடித்து முழங்கால் உயரம் வந்ததும் வாய்க்கால் கரைப் பனைகளில் இந்தக் குருவிகளின் இரைச்சல் தொடங்கிவிடும். மற்றக் காலத்தில் ஆணையும் பெண்ணையும் பார்த்தால் ஊர்க்குருவி என்றே நினைப்பீர்கள். கூடு கட்டும் காலத்தில் மட்டும் ஆணுக்கு உச்சந்தலையும் நெஞ்சும் மஞ்சளாகி, முகம் கறுத்துவிடும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு நாள் வரம்பில் குந்தியிருந்து ஒரே குருவியைக் காலை முழுவதும் பார்த்தேன். நெல்லிலையின் அடிப்பக்கத்தில் அலகால் ஒரு சின்ன வெட்டு வைக்கும். அந்த வெட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு அப்படியே எழும்பிப் பறக்கும். இலை நெடுகக் கிழிந்து, ரிபன் மாதிரி ஒரு கீற்று அலகோடு போகும். பனைக்குப் போய் அந்தக் கீற்றை ஓலை நுனியில் சுற்றி, ஒரு காலால் மிதித்துப் பிடித்து, அலகால் உள்ளே செருகி வெளியே இழுத்து, முடிச்சுப் போடும். பாய் இழைக்கிற கிழவிமாரின் விரல் ஓடுகிற வேகம் அந்த அலகுக்கு உண்டு. நெல் இலை கிடைக்காத இடத்தில் பனையோலை, தென்னோலை விளிம்பையே கிழிக்கும். ஒரு கூடு முழுதாக முடிய ஏறத்தாழ 18 நாள் பிடிக்கும், 500 தடவை வரை பறந்து போய்வர வேண்டியிருக்கும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எட்டு நாள் அளவில் கூடு ஒரு தொப்பியைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்போது வேலையை ஆண் நிறுத்திவிடுகிறது. அந்த நேரத்தில்தான் பெண்கள் வருகின்றன. ஒவ்வொரு தொப்பியாக உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பெண் குருவி கண்ணில் பட்டதும் பனையிலுள்ள ஆண்கள் எல்லாம் தங்கள் தங்கள் தொப்பியின் அடிப்பக்கத்தைக் காலால் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கத்தத் தொடங்கும். உங்கள் மகன் கண்டது இதைத்தான். ஏணி சாத்திய நேரத்தில் பெண் யாரும் வந்திருந்தால், பாவம், நல்லதொரு சம்பந்தம் கெட்டுப் போயிருக்கும்.

ஏன் தலைகீழாக? கூட்டின் வாசல் கீழே இருக்கிறது. கீழே நின்று காட்டுவதற்குத் திண்ணையும் இல்லை, கொப்பும் இல்லை. வாசலைக் காட்ட வேண்டுமென்றால் வாசல் விளிம்பில்தான் தொங்க வேண்டும். பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் முட்டையிடும் அறையையும் கீழ்நோக்கிய நீளக் குழாயையும் கட்டி முடித்துவிட்டு, அந்த ஆண் அடுத்த கூட்டுக்கு அடி போடப் போய்விடும். எங்கள் ஆட்களில் வீடு கொடுக்கிற பொறுப்பு பெண் வீட்டுக்காரருடையது. சீதன வீட்டின் சுவரைத் தட்டிப் பார்ப்பது மாப்பிள்ளை பகுதி. தூக்கணாங்குருவியில் இது அப்படியே மாறி இருப்பதை ஊர்க் கூட்டமொன்றில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெண்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள்.

பிடிக்காமல் போன தொப்பிகள் அப்படியே காய்ந்து தொங்கும். வடலியில் தொங்குகிற கூடுகளில் எத்தனைக்குக் குழாய் இருக்கிறது, எத்தனை வெறும் தொப்பி என்று எண்ணிப் பார்த்தாலே அந்த வருடம் யாருக்குச் சரிவந்தது, யாருக்குச் சரிவரவில்லை என்று தெரிந்துவிடும்.

சரி, வீட்டை ஏன் ஓலையின் நுனியில் கட்ட வேண்டும்? மட்டையின் அடியில் வசதியாகக் கட்டலாமே. இந்தக் கேள்விக்குள்தான் தொங்கும் பறவைகளின் கதை முழுவதும் இருக்கிறது. கொம்பேறிமூக்கன், சாரை, அணில், எலி எல்லாம் நடந்து அல்லது ஊர்ந்து வருகிற சாதி. அவற்றுக்குக் கொப்பின் அடி ராசபாட்டை, நுனி பள்ளம். கருக்குமட்டையைத் தாண்டி, ஆடுகிற ஓலை நுனிக்கு வந்து, அதிலிருந்து தலைகீழாக இறங்கி, குழாய்க்குள் கீழிருந்து மேலே ஏறினால்தான் முட்டை. வாய்க்காலுக்கு மேலே சாய்ந்த ஓலையைத் தேர்ந்தெடுப்பதும் அதற்காகத்தான். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்க் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தக் குருவி மடத்தனமாக அடிக்கொப்பில் கட்டியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நுனிக்குப் பாதுகாப்பு மட்டுமல்ல, சாப்பாடும் அங்கேதான். பூப்பது நுனியில், காய்ப்பது நுனியில், தளிர் விடுவது நுனியில். தளிர் இருக்கிற இடத்தில் மயிர்க்கொட்டி இருக்கும். ஆனி, ஆடியில் பாலை மரம் பழுத்து நிற்கும்போது கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பருத்த கொப்பில் ஒரு பழமும் இருக்காது. மஞ்சள் மஞ்சளாக எல்லாம் விரலை விட மெல்லிய குச்சிகளில் நிற்கும். அந்தக் குச்சியின் மேல் ஒரு பறவை ஏறி நின்றால் குச்சி வளையும், பறவை சரியும். சரிந்த பிறகு இரண்டே வழி. பறந்துவிடலாம், அல்லது பிடியை விடாமல் தொங்கலாம்.

தொங்குவது கஷ்டமான காரியம் என்று நாங்கள் நினைக்கிறோம். கிணற்றடியை யோசித்துப் பாருங்கள். துலாக் கயிற்றில் தொங்குகிற வாளி எத்தனை தரம் ஆடினாலும் தானாக நேருக்கு வந்துவிடும். அதே வாளியை அந்தக் கயிற்றின் மேல் நிறுத்தி வைக்க யாராலும் ஏலாது. பாரம் பிடிக்குக் கீழே இருந்தால் ஆட்டம் தானே அடங்கும், மேலே இருந்தால் கொஞ்சம் பிசகினாலும் கவிழும். காற்றில் ஆடுகிற மெல்லிய குச்சியில் நிற்பதை விடத் தொங்குவதே நிம்மதி. அந்தப் பறவைக்கு அதுதான் சாய்மனைக் கதிரை.

இதை வீட்டில் இருந்தபடியே பார்க்க வேண்டுமென்றால் வாழைப்பொத்தியை விட நல்ல இடம் இல்லை. மடல் ஒன்று விரிந்து மேலே சுருண்டதும், உள்ளே வரிசையாக இருக்கும் பூக்களைத் தேடித் தேன்சிட்டு வரும். எங்கள் பக்கம் அதிகம் வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, பத்துக் கிராம் தேறாத உயிர். பொத்தி கீழ்நோக்கித் தொங்குவதால் பூவின் வாயும் கீழே. தேன்சிட்டு மடலின் விளிம்பைக் காலால் பற்றி, வயிறு வானத்தைப் பார்க்க, வளைந்த அலகை மேல்நோக்கிச் செருகும். நாலைந்து பூ முடிந்ததும் காலை மாற்றாமல் உடலை மட்டும் ஒரு சுற்றுத் திருப்பும். அமெரிக்கக் கண்டங்களில் உள்ள ஹம்மிங்பேர்ட் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். எங்கள் தேன்சிட்டுக்கும் கண நேரம் அப்படி நிற்கத் தெரியும், ஆனால் அது செலவு கூடிய வேலை. பிடிக்க ஒரு விளிம்பு இருக்கும்போது சிறகை வீணாக அடிப்பானேன்.

இலைக்கு அடிப்பக்கம் இன்னொரு கடை. வன்னி வெயிலில் எந்தப் புழு இலையின் மேலே படுத்திருக்கும்? சிலந்தியும் புழுவும் முட்டைக் குவியலும் நிழல் பக்கத்தில், அதாவது இலையின் கீழே. மாம்பழச்சிட்டு, வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி மூன்றும் இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து ஒரு முருங்கையைச் சோதனை போடுவதைப் பார்த்தால், அரைவாசி நேரம் அவற்றின் முதுகு தரையைப் பார்த்தபடிதான் இருக்கும்.

கிளிகளுக்கு ஒரு வசதி கூட. அலகை மூன்றாவது காலாக வைத்திருக்கின்றன. பேச்சுக்குச் சொல்லவில்லை. 2022 இல் வெளியான ஆய்வொன்றில் லவ்பேர்ட்ஸ் செங்குத்தாக ஏறும்போது அளந்து பார்த்தார்கள். அலகு தருகிற விசை காலின் விசைக்குச் சமமாக, சில வேளை அதற்கு மேலாகவும் இருந்தது. (எங்கள் ஆட்கள் கூண்டில் வளர்க்கும் அவுஸ்திரேலியப் பஜ்ஜிக் கிளிகளையும் லவ்பேர்ட்ஸ் என்பார்கள். இது அதுவல்ல, ஆபிரிக்காவின் குட்டைவால் கிளி.) 2024 இல் வந்த இன்னோர் ஆய்வில் அதே கிளிகளை மிக மெல்லிய கம்பியில் விட்டபோது, அலகால் கம்பியைக் கவ்வித் தொங்கி, உடலை ஊஞ்சலாட்டி, காலை முன்னே வைத்து, குரங்கு கைமாற்றிப் போவது போலப் போயின. எங்கள் பச்சைக்கிளி பாலைப்பழத்துக்கும் சோளக்கதிருக்கும் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அலகின் வேலை புதினமாக இருக்காது. சோளம் போட்டுவிட்டு விடியப்புறம் தகரம் அடிக்கிறவர்களுக்கு ரசிக்க மனமும் இருக்காது.

மாமரத்தில் குருவிச்சை பிடித்துவிட்டது என்று வெட்டுவோம். அந்தப் பெயரில் குருவி ஏன் இருக்கிறது? பூக்கொத்தி என்ற, பெருவிரல் அளவுக் குருவி குருவிச்சைப் பழத்தைத் தொங்கித் தொங்கித் தின்னும். விதை பசை மாதிரி ஒட்டும். அலகிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ அதைக் கொப்பில் தேய்த்து விட்டால்தான் குருவிக்கு விடுதலை. தேய்த்த இடத்தில் அடுத்த குருவிச்சை முளைக்கும். பெயர் வைத்தவர்கள் மரத்தடியில் நின்று பார்த்தவர்கள் போலும்.

இனி, அது விழாதா?

வீட்டில் கோழி உரித்திருந்தால் இதற்கான பாடம் குசினியிலேயே நடந்திருக்கும். வெட்டிய காலில் வெள்ளையாக ஒரு நார் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் விரல்கள் நாலும் மடங்கும். சின்ன வயதில் அதை வைத்துத் தங்கச்சிமாரை வெருட்டாதவர்கள் குறைவு. அந்த நார்தான் தசைநாண். விரலை மடக்கும் தசைகள் மேலே தொடையடியில் இருக்க, நாண்கள் காலின் பின்பக்கத்தால் இறங்கி விரல் நுனி வரை ஓடுகின்றன. விரலுக்குள் அந்த நாணின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அது ஓடுகிற உறையின் உட்பக்கத்தில் வரிவரியாக மேடுகள். விரல் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பல் பொருந்திக்கொள்கின்றன. வயர் கட்டுகிற பிளாஸ்டிக் 'டை' ஒரு பக்கம் இழுபட்டதும் பின்வாங்காமல் நிற்குமே, அந்த மாதிரி. தசைக்கு வேலை குறைகிறது.

பறவை குந்தியதும் கால் மடிந்து, நாண் தானாக இழுபட்டு, விரல் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதனால்தான் தூக்கத்தில் விழுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது எல்லாப் பறவைக்கும் அப்படியே பொருந்தாது. 2012 இல் மைனாவுக்குச் சொந்தமான ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைச் சோதித்தபோது, தூங்கும் பறவையின் விரல்கள் கம்பைச் சுற்றி இறுகியிருக்கவில்லை. அவை சமநிலை பார்த்துத்தான் குந்தியிருந்தன. தொங்குகிற பறவைக்கோ கால் பெரும்பாலும் நீண்டிருக்கும். ஆகவே அங்கே உதவுவது உடல் பாரத்தோடு இறுகும் அந்தப் பல்லும், கூரிய நகமும், கொஞ்சம் தசையும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், அது சின்னது. ஒரு உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெருப்பித்தால் பாரம் எட்டு மடங்காகும். நாணின் தடிப்பு, அதாவது அதன் குறுக்குவெட்டு, நாலு மடங்குதான் கூடும். அதனால் பெருக்கப் பெருக்கத் தன்னைத் தானே தூக்குவது கஷ்டமாகிறது. எட்டுக் கிராம் தேன்சிட்டுக்குத் தன் பாரம் ஒரு பொருட்டே இல்லை. மயில் தொங்கி நீங்கள் காணப்போவதில்லை.

இரத்தம் தலைக்கு ஏறாதா என்பதற்கும் மறுமொழி இதே சின்ன உடம்புதான். திரவம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம். எட்டுச் சென்ரிமீற்றர் உயர இரத்தம் கொடுக்கிற அழுத்தம், ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்து 120, 80 என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் வெறும் 6. ஆறு கூடினால் ஒருவருக்கும் தலை சுற்றாது. நாங்கள் தலைகீழாக நின்றால் காலிலிருந்து தலை வரை ஐந்தடிக்கு மேலான தம்பம். முகம் சிவப்பது அதனால்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கோழிகளைக் காலில் கட்டிச் சைக்கிள் ஹாண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவது எங்களுக்குப் பழக்கம். தொங்கவிட்டதும் கோழி சத்தம் போடாமல் அடங்கிவிடும். அதற்குச் சுகமாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சுகமல்ல, பயத்தில் விறைப்பது. பறவைக்கு எங்களைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு இல்லை. தலைகீழானதும் குடலும் ஈரலும் மூச்சுக்கான காற்றுப் பைகளின் மேல் பாரமாக அமரும், மூச்சு விடுவது கஷ்டம். தேன்சிட்டு தானாக அரை நிமிடம் தொங்குவதும், இரண்டு கிலோக் கோழியை நாங்கள் முறிகண்டி வரை தொங்கவிடுவதும் ஒன்றல்ல. ஒரு கூடை போதும்.

தலையை மட்டும் கவிழ்த்துப் பிழைக்கிற பறவையும் எங்கள் பக்கம் உண்டு. மாரியில் மன்னார் வங்காலைக்குப் போனால் பூநாரைகள் வரிசையாக நிற்கும் (2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது). தண்ணீருக்குள் விட்ட அலகைக் கவனியுங்கள். மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயுமாக, தலை முழுக்கக் கவிழ்ந்திருக்கும். நாக்கு பம்பி மாதிரித் தண்ணீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரச் சீப்பில் சின்ன உயிரினங்கள் சிக்கும். அது தொங்கவில்லைதான், ஆனாலும் தலைகீழ்ச் சாப்பாட்டில் அதற்கு ஈடு இல்லை.

மரத்தண்டில் தலை கீழாக இறங்குகிற ஒன்றையும் காட்டுக்குள் காணலாம். நீல முதுகு, சிவப்பு அலகு, நெற்றியில் கறுப்பு வெல்வெட் பட்டி. தமிழில் பசையெடுப்பான் என்று எழுதுகிறார்கள். மரங்கொத்தி விறைத்த வாலை முட்டுக் கொடுத்து மேல்நோக்கித்தான் ஏறும். இது வாலை நம்புவதில்லை. ஒரு காலை மேலே கொளுவி, மற்றதைக் கீழே ஊன்றி, எந்தத் திசையிலும் போகும். மேலிருந்து இறங்குவதால், ஏறிப் போன மரங்கொத்தியின் கண்ணில் படாத வெடிப்புகளில் உள்ள பூச்சி இதற்குக் கிடைக்கும். மரங்கொத்தி என்றதும் ஞாபகம் வருகிறது: யாழ்ப்பாணப் பக்கத்தில் பொன்முதுகு, தெற்கே செம்முதுகு, இரண்டும் கலந்து இடைநிறக் குஞ்சு பொரிப்பது வன்னியிலும் அதை அண்டிய காடுகளிலும். அது வேறொரு நாளைக்கு.

தூக்கத்துக்கு வருவோம். தொங்கிக்கொண்டு தூங்குகிற பறவை இலங்கையிலேயே இருக்கிறது. ஆனால் வன்னியில் தேட வேண்டாம். இலங்கைத் தொங்கும் கிளி, உலகில் வேறெங்கும் இல்லாதது, ஈரவலயத்துக்காரன். சிங்கராஜா, இரத்தினபுரி, கண்டிப் பக்கம் போனால் காணலாம். ஒரு சாண் கூட இல்லை. பச்சை உடம்பு, சிவப்பு உச்சி, சிவப்பு அலகு. இந்தக் குடும்பத்துக் கிளிகள் இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரந்திருக்கின்றன. இரவில் கொப்பைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, உடலைச் சுருக்கித் தூங்குவதுதான் எல்லாவற்றுக்கும் பொது. அசையாமல் தொங்கும் பச்சை உருவம் இருட்டில் இன்னோர் இலையாகத்தான் தெரியும் என்பது பலரும் சொல்லும் காரணம். கூட்டுக்குச் சருகு கொண்டுபோகும்போது பெண் கிளி அதை அலகில் பிடிக்காது, பிட்டத்து இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். கித்துள் கள்ளு முட்டிகளைத் தேடிப் போவதிலும் இது பெயர்போனது. நல்ல வேளை, பனங்காட்டுப் பக்கம் வரவில்லை.

வன்னிக்காரனான உழவாரன் தொங்குவதில்லை, ஒட்டிக்கொள்கிறான். பனைக்கு மேலே கத்திரி மாதிரி வால் பிரிய வட்டமிடுகிற கபில நிறச் சிறு பறவை அது. காலே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குட்டைக் கால். கொப்பிலோ லைன் கம்பியிலோ அது குந்தி நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், அந்தக் காலுக்கு அது முடியாது. காய்ந்து தொங்கும் காவோலையின் மடிப்பில் நகத்தால் கொளுவி, செங்குத்தாக ஒட்டி இளைப்பாறும். எச்சிலால் இறகையும் பஞ்சையும் அதே ஓலையில் ஒட்டிக் கூடு. முட்டையையும் எச்சிலால்தான் ஒட்டி வைக்கும், இல்லாவிட்டால் முதல் சோளகத்திலேயே கீழே வந்துவிடும். யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது, செல்லடியில் தலை போன பனைகள் வரிசையாக நின்றன. ஓலை இல்லாத பனையில் உழவாரனுக்கும் இடமில்லை, தூக்கணாங்குருவிக்கும் இடமில்லை. பச்சைக்கிளிகள் மட்டும் அந்த முண்டங்களில் பொந்து பிடித்துக் குஞ்சு பொரித்தன. தூக்கணாங்குருவி அந்த வருடங்களில் வாய்க்கால் ஓர முள்மரங்களில் கட்டியது.

வௌவால் பறவையல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் சாதி. பறவை தொங்குவது ஒரு கெட்டித்தனம், வௌவாலுக்கோ வேறு வழியில்லை. கால் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், நிற்கும் பலம் அதற்கு இல்லை. ஆற்றங்கரை மருதுகளில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் ஒரு கிலோவையும் தாண்டும். பெரியது தொங்கக் கஷ்டம் என்று மேலே சொன்னேன். வௌவாலுக்கு அந்தப் பல்லுப் பூட்டு மிக நன்றாக அமைந்திருக்கிறது. பாரமே நாணை இழுத்துப் பூட்ட, தசை வேலை செய்யாமல் நாள் முழுக்கத் தொங்கும். மின்சாரம் தாக்கிச் செத்த வௌவால் வாரக் கணக்கில் லைனில் தொங்குவது இதனால்தான். வௌவால் வீட்டுக்கு விருந்தாளி போனால் நீயும் ஒரு பக்கம் தொங்கு என்பார்கள். உபசாரக் குறைச்சல் இல்லை, அங்கே கதிரை கிடையாது.

சும்மா தொங்குகிற பறவைகளும் உண்டு. வடக்கு நாடுகளின் ரேவன் காகங்கள் ஒற்றைக் காலில் தொங்கி விளையாடுவது பல தடவை பதிவாகியிருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருக்கும் என் மருமகன் அனுப்பிய வீடியோவில், கலா என்ற இளஞ்சிவப்புக் கொக்கட்டூக்கள் மழைக்குள் லைன் கம்பியில் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்துக் குளிக்கின்றன. எங்கள் காகமொன்று கிளிநொச்சியில் கேபிளில் அப்படி ஒரு சுற்றுச் சுற்றியதை நானே கண்டேன். பக்கத்தில் இருந்த காகங்கள் அதைக் கணக்கே எடுக்கவில்லை. பப்புவா நியூகினி மலைகளில் நீலச் சொர்க்கப்பறவையின் ஆண் தலைகீழாகத் தொங்கி, நீல இறகுகளை விசிறியாக விரித்து, இயந்திரம் இரைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு பெண்ணை அழைக்கும். தூக்கணாங்குருவிக்குக் காட்ட வீடு இருக்கிறது, அதற்கு உடுப்பு மட்டும்தான்.

கடைசியாக, உண்மையிலேயே மாட்டிய பறவையை எப்படி அறிவது? தானாகத் தொங்கும் பறவையின் விரல் எதையாவது பற்றியிருக்கும், கண்ணும் கழுத்தும் சுறுசுறுப்பாக இருக்கும், நீங்கள் கிட்டப் போனால் பறந்துவிடும். மாட்டியது பெரும்பாலும் ஒற்றைக் காலிலோ ஒற்றைச் சிறகிலோ தொங்கும். விரல்கள் வெறுமனே விரிந்திருக்கும். கொஞ்ச நேரம் படபடத்து, தலை தொய்ந்து, மறுபடி படபடக்கும். தையில் பட்டம் விடுகிற காலத்திலும், கரையோரத்தில் தங்கூசி வலைத் துண்டு எறிபட்ட இடங்களிலும் இது அடிக்கடி நடக்கும். நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், கால் மூட்டை அறுத்துவிடும். ஒரு துவாயால் பறவையை மூடி, பாரத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, நூலைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். மூட்டைச் சுற்றி இறுகிய துண்டு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் இருட்டில் ஓய விட்டு, எழும்பாவிட்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். லைன் கம்பியில் மாட்டியதென்றால் தடியும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வடலிக்கும் இனி ஏணி வேண்டாம். மகனை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், இருபதடி தள்ளி, காலை ஏழு மணிக்கு இருத்துங்கள். மஞ்சள் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்து கத்தினால், மஞ்சளில்லாத ஒரு குருவி பக்கத்தில் எங்கேயோ வந்து நிற்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஓலைகளை இந்தப் பங்குனி போகும் வரை வெட்டாதீர்கள்.